பாப்பாவுக்கு, பாம்பன்லேர்ந்து அப்பா

பாப்பா, நல்லாருக்கியா. இங்க கச்சான் காத்து போட்டு சாத்துது, தென்கடல்ல ஒருத்தரும் வத்தை எறக்கல. எனக்கும் கால் பெருவிரல் வீங்கிப்போச்சு, போர்வை பட்டாலே உயிர் போகுது. டாக்டர் இது கவுட்டு, மூட்டு வீங்குற நோவுன்னு சொல்லி கோல்சிசின் எழுதிக்குடுத்தாரு. மெடிக்கல்ல கேட்டா அது நம்ம கண்வலிக்கிழங்குல இருக்குற சரக்குதானாம். தின்னா ஆளு காலின்னு ஆத்தா கையத் தட்டிவிடும்ல, அதே கிழங்கு!

நீ போன்ல சொன்னத ரெண்டு நாளா யோசிச்சேன். நம்ம ஒடம்பு செல்லுக்குள்ள தண்ணியா இல்ல, கூழு மாதிரி நெருக்கமா கிடக்கு, வைரசுக்கு காலும் இல்ல துடுப்பும் இல்ல, நரம்புக்குள்ள போற ஹெர்ப்பிஸ் வைரஸு சும்மா மெதந்தே ஒரு சென்டிமீட்டர் போவணும்னா 200 வருசத்துக்கு மேல ஆவும்னு சொன்னியே, அதான் மனசுல நிக்குது. அதனால உள்ள ஓடுற கயித்துல, மைக்ரோட்யூபூல்ல, சரக்கு இழுத்துட்டுப் போற டைனின்ங்குற புரதத்தப் புடிச்சுக்கிட்டு சொகமா நடுவுல இருக்குற நியூக்ளியஸுக்குப் போயிருது, சுறா வயித்துல ஒட்டுமீனு வர்ற மாதிரி. அந்தக் கயிறு ஒரே கயிறா கிடக்காது, டியூபுலின்னு துண்டு துண்டா சேரும், பிரியும். கோல்சிசின் அந்தத் துண்டப் புடிச்சு வச்சுக்கிருது, புதுசா கயிறு நீளாது, வைரஸு நடுவழியில தவிக்குது. என் விரல்லயும் இதான் கதையாம், வெள்ளணு அங்க ஓடிவந்து கூடி எரிச்சல் கெளப்ப முடியாம போயிருது.

அப்ப இதப் போட்டா காய்ச்சலே அண்டாதுன்னு நெனச்சு ஒரு மாத்திரை கூடுதலா போட்டேன், திட்டாத. ராத்திரி பூரா கக்கூசுதான். கொடல்ல செல்லு ரெண்டா பிரியவும் அந்தக் கயிறுதான் வேணுமாம்ல, இத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல நீ. கொரோனாவுக்கும் 2021ல இங்கிலாந்துப் பக்கம் ஆஸ்பத்திரில கிடந்த 11,000 பேருக்கு மேல வச்சுப் பாத்தாங்க, பாதிப் பேருக்கு இத குடுத்தும் சாவு கொறையலன்னு நீயே சொன்ன. லேப் தட்டுல நடக்குறது ஒடம்புல நடக்கல.

எனக்கு ஒண்ணு தோணுது. கயித்தையே அறுக்காம, வைரஸு டைனினப் புடிக்குற அந்தப் பிடிய மட்டும் வழுக்க விடுற மாதிரி மருந்து ஏதும் உங்க லேப்ல பாக்குறாங்களா? எழுது. கவுட்டுக்கு ஆகாதுன்னு அம்மா சூடை மீன நிறுத்திட்டா, பத்து நாளா வெறும் பூசணிக்கா.