மூன்றரைச் சொம்புத் தண்ணீர்

அருப்புக்கோட்டை
சித்திரை 10

அன்புள்ள ராஜிக்கு,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பதில் போடாததற்குத் திட்டாதே. போனில் பேசினால் ஐந்து நிமிஷத்தில் முடிகிற விஷயத்தை எழுதித்தான் தீர வேண்டும் என்று அடம்பிடிப்பவள் நீ. அதனால் சாவகாசமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

எனக்கு வயிற்று வலி என்று மருமகள் சொன்னதாகக் கேட்டிருந்தாய். வயிறு இல்லை, சிறுநீரகக் கல்லடைப்பு. தை மாசம் ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு இடது விலாவுக்குக் கீழே பிடித்து அடிவயிறு வரைக்கும் இழுத்தது பார், இரண்டு பிள்ளை பெற்றவள் சொல்கிறேன், அதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை, கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். ஸ்கேன் எடுத்தால் 4 மில்லிமீட்டர். ஒரு கொத்தமல்லி விதை அளவு! அதற்கா இந்த ஆட்டம் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. இந்த அளவுக் கல் பெரும்பாலும் தானாகவே விழுந்துவிடும் என்று மாத்திரை கொடுத்துத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். பழைய டீ வடிகட்டி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி வைத்து, பதினோராம் நாள் பிடித்தேன். சோதனைக்கு அனுப்பினால் கால்சியம் ஆக்சலேட், கால்சியமும் ஆக்சலேட்டும் சேர்ந்து இறுகுகிற கல். கல் என்று வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இதுதானாம்.

டாக்டர் நம் மாணவி வயசுப் பெண். "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க டீச்சர்?" என்று கேட்டது. தாகம் எடுத்தால் குடிப்பேன் என்றேன். "எப்போ எடுக்கும்?" அங்கேதான் மாட்டிக்கொண்டேன். யோசித்துப் பார்க்கிறேன், எனக்குத் தாகமே எடுப்பதில்லை ராஜி. வயசானால் தாகம் மட்டுப்படும் என்று அந்தப் பெண் சொன்னது சரிதான். ஆனால் என் கதை அதற்கு முப்பது வருஷம் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது.

எனக்கு முதலில் போஸ்டிங் போட்ட பள்ளி ஞாபகம் இருக்கிறதா? இரண்டு அறை, ஒரு வேப்பமரம். பிள்ளைகளுக்கு ஓடைக்கரை. நமக்கு? காலை ஏழு பத்துக்குப் பஸ் ஏறினால் திரும்பி வீட்டு வாசலை மிதிக்க சாயங்காலம் ஐந்தரை. அதனால் காலையில் அரை டம்ளர் காபி, மத்தியானம் சோறு தொண்டையில் இறங்க ஒரு வாய்த் தண்ணீர், அவ்வளவுதான். பிறகு மாறிப் போன பள்ளியில் கழிப்பறை இருந்தது, பூட்டு போட்டு. ஆண்கள் நிறைந்த ஸ்டாஃப் ரூமில் போய், எல்லோர் முன்னாலும் சாவி கேட்க வேண்டும். கேட்பதற்குப் பதில் குடிக்காமல் இருப்பது சுலபமாக இருந்தது. நீயும் அப்படித்தானே? பஸ் பயணமா, கல்யாண வீடா, நாம் முதலில் விடுவது தண்ணீரைத்தான்.

ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிறது. இப்போது பத்தடியில் கழிப்பறை, யாரிடமும் சாவி இல்லை. அப்படியும் நான் குடிக்கவில்லை. எல்லோரும் நான் மறதியில் குடிக்காமல் இருப்பதாக நினைக்கிறார்கள். மறதி இல்லை. பாடுபட்டுப் பழகிக்கொண்டது.

மகன் போனில் என்னமோ ஏற்றிக் கொடுத்தான், மணிக்கொரு தரம் மணியடிக்கும். ஒரு துக்க வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது அடித்தது. அன்றைக்கே எடுத்துவிட்டேன். மருமகள் ஒரு பெரிய பாட்டில் வாங்கி, மார்க்கரில் கோடு போட்டு நேரம் எழுதிக் கொடுத்தாள். அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது, கல்வி அதிகாரி ஏ.இ.ஓ. விசிட்டுக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாரே, அந்த மாதிரி. அதுவும் ஒரு வாரம்தான்.

கடைசியில் அம்மாவின் எவர்சில்வர் சொம்பை எடுத்தேன். ஒரு லிட்டர் எண்ணெய் பாட்டிலில் தண்ணீர் பிடித்து அளந்து பார்த்தால் சொம்பு முக்கால் லிட்டர் கொள்கிறது. சிறுநீர் ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் கிட்டப் போக வேண்டும், அதற்கு மேல் கொஞ்சம் குடித்தால்தான் சரியாக வரும் என்பது டாக்டர் கணக்கு. சாப்பாட்டில், மோரில், ரசத்தில் போவது தனி. ஆக எனக்கு மூன்றரைச் சொம்பு. ஒரேயடியாக மண்டினால் பிரயோசனம் இல்லை, உப்புச் சத்து குறைந்து மயக்கமே வரலாம் என்றது. அதனால் ஏழு அரைச் சொம்பு. காலையில் பாலை அடுப்பில் வைத்ததும் ஒன்று, பொங்குவதற்குள் குடித்து முடிக்க வேண்டும். டிபன் முடிந்து ஒன்று. 11, 1, 3 மணிக்கு ஒவ்வொன்று. சாயங்காலம் பூ கட்டி முடித்து ஒன்று, விளக்கேற்றிய பிறகு ஒன்று. ஏழு மணிக்கு மேல் கிடையாது. இருட்டில் எழுந்து போய் விழுந்தால் கல்லோடு எலும்பும் சேர்ந்துகொள்ளும்.

அந்த 11, 1, 3 பேத்தியிடம் கடன் வாங்கியது. நம் பள்ளிகளில் 2025இல் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க மணியடிக்கிற 'வாட்டர் பெல்' வந்ததே, அந்த நேரம். கேரளத்தில் 2019லேயே இது உண்டு. அவளிடம் பெருமையாக, "நீ அங்கே குடிக்கும்போது அப்பத்தா இங்கே குடிக்கிறேன்" என்றேன். "நான் கொஞ்சமாத்தான் குடிப்பேன் அப்பத்தா. பாத்ரூம் நாறும்" என்றாள். மூன்றாம் வகுப்பு! என்னுடைய முப்பது வருஷப் படிப்பை இந்தக் குட்டி எட்டு வயசில் முடித்துவிடுவாள் போலிருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமையே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டு வந்தேன். தண்ணீர் வசதியும் தாழ்ப்பாளும் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தாழ்ப்பாள் வந்துவிட்டது. தண்ணீருக்கு அடுத்த கூட்டத்துக்கும் போக வேண்டும்.

லண்டனில் 96 பேரை வைத்துப் பார்த்தார்களாம், ஒரு பழக்கம் தானாக வர எத்தனை நாளாகிறது என்று. மகன் படித்துச் சொன்னான். சராசரி 66 நாள். ஆனால் ஒருவருக்கு 18, இன்னொருவருக்கு 254 என்று போகிறது கணக்கு. நடுவில் ஒரு நாள் தவறினால் குடிமுழுகிப் போகாதாம். எனக்கு இன்றோடு எழுபத்து மூன்று நாள். பால் நேரத்துத் தண்ணீருக்கு இப்போது கை தானாகவே சொம்புக்குப் போகிறது. மூன்று மணித் தண்ணீர் மட்டும் தூக்கத்தில் போய்விடுகிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும், இங்கே போர் தண்ணீர் உப்பு, வாயில் வைக்க முடியாது. நல்ல தண்ணீர் குழாயில் முறை வைத்து வரும். இடையில் கேன்தான். கேன் தண்ணீரில் ஒரு ருசியும் இல்லை, குடித்தது போலவே இருக்காது. அதனால் மாசியில் ஒரு மண்பானை வாங்கினேன். இரண்டு நாள் ஊறப்போட்டு, மண்வாடை போகக் கழுவி, ஈர மணல் மேல் வைத்து, துணியில் முடிந்த வெட்டிவேர் போட்டிருக்கிறேன். மத்தியானம் போய்ப் பார், பானையின் வயிறெல்லாம் வேர்த்திருக்கும். கையை வைத்தால் சில்லென்று இருக்கும். சொம்பை உள்ளே விடும்போது 'களக்' என்று ஒரு சத்தம். அதைக் கேட்டால் இப்போது எனக்கே தொண்டை வறளுகிறது. அண்ணாந்துதான் குடிக்கிறேன், பாதி ஜாக்கெட்டில் கொட்டுகிறது. வெயிலுக்கு அதுவும் சுகமாகத்தான் இருக்கிறது.

எதிர்வீட்டு அக்கா சொன்னதைக் கேட்டுப் பாலையும் தயிரையும் நிறுத்தியிருந்தேன், கல்லே கால்சியம்தானே என்று. டாக்டர் பிடித்துக்கொண்டது. சாப்பாட்டோடு சேர்கிற தயிர், சாப்பாட்டில் இருக்கிற அந்த ஆக்சலேட்டைக் குடலிலேயே கட்டி வெளியே தள்ளிவிடுமாம். குறைக்க வேண்டியது உப்பையாம். ஊறுகாய்க்கு வந்தது கேடு. வாழைத்தண்டுச் சாறு? "குடிங்க, அதுவும் தண்ணிதானே" என்று சிரித்தது.

உன் கடிதத்தில் அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறது என்று ஒரே வரியில் எழுதிவிட்டு மாவடு விலைக்குப் போய்விட்டாய். போய்க் காட்டு. உள்ளூரிலேயே லேடி டாக்டர் இருக்கிறார், சாக்கு சொல்லாதே. சிறுநீர் வைக்கோல் நிறத்தில் போகிறதா, கடுங்காப்பி மாதிரிப் போகிறதா என்று நீயே பார். அண்ணனை மட்டும் இதில் சேர்க்காதே. இருதயத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர், அவருக்கு டாக்டர் அளந்து கொடுத்திருக்கிற தண்ணீர்தான் கணக்கு.

வைகாசிக் கல்யாணத்துக்கு வருகிறாய் அல்லவா? முந்தின நாளே நான் மண்டபத்துக்குப் போய்விடுவேன். கழிப்பறை எங்கே, தாழ்ப்பாள் விழுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்து உனக்குப் போன் செய்கிறேன். நீ வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டே பஸ் ஏறு. மதுரை மாட்டுத்தாவணியில் இறங்கிப் போகலாம், கூச்சப்படாதே. சில்லறை வைத்துக்கொள்.

உன்
பாக்கியம்

பி.கு: மாவடு கிலோ என்ன விலை என்று எழுதினாய், எனக்கு எடுத்து வைத்தாயா என்று எழுதவில்லை. உப்பு குறைத்துப் போட்டால் கெட்டுவிடுமா?