பக்கத்தில் படுத்திருந்த இரவு

அன்புள்ள மகளுக்கு,

தொலைபேசியில் கேட்டால் "எனக்கு ஒன்றுமில்லை அம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். சென்ற முறை நீ வந்து என் பக்கத்தில் படுத்திருந்தபோது, உன் குறட்டை திடீரென்று அறுந்துபோய், மார்பு ஏறி இறங்கியும் மூக்கில் காற்று வராமல் நீ கிடந்ததைப் பார்த்தேன். கடிகாரத்தை வைத்து எண்ணினேன். ஒரு முறை 20 வினாடிக்கு மேல் போயிற்று. பிறகு பெரிதாக மூச்சை இழுத்துக்கொண்டு புரண்டு படுத்தாய். காலையில் நெற்றியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாய்.

இரத்த அழுத்தம் 150/96 என்று நீ வாய்தவறிச் சொன்னதையும் நான் மறக்கவில்லை. வேலைச் சுமை என்கிறாய். அத்தனை பேரை மேய்க்கிறவள் என் மகள் என்பதில் எனக்குப் பெருமைதான். அதற்காக எல்லாவற்றையும் வேலையின் தலையில் கட்டிவிடாதே. மூச்சு தடைபடும்போதெல்லாம் இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்து, உடல் மிரண்டு இரத்தக் குழாய்களை இறுக்குகிறது. உறக்கத்தில் 10 முதல் 20 விழுக்காடு வரை இறங்க வேண்டிய அழுத்தம் இறங்காமல் நின்று, நாளடைவில் பகலிலும் ஏறிவிடுகிறது. உறக்கப் பரிசோதனை செய்துகொள்.

நீ பேச விரும்பாததை நான் கேட்கப் போவதில்லை. ஆனால் சினைப்பைகளில் சுரக்கும் பெண் ஹார்மோன்களில் புரோஜெஸ்டிரோன் மூச்சைத் தூண்டிவிடுகிறது என்றும், தொண்டைத் தசைகள் உறக்கத்தில் தளர்ந்து சரியாதபடி தாங்குவதிலும் அதற்குப் பங்குண்டு என்றும், ஈஸ்ட்ரோஜன் இரத்தக் குழாய்களை இளக்கி வைக்கிறது என்றும் மருத்துவர் எனக்கு விளக்கினார். இந்தச் சுரப்பு எனக்கு மெல்ல மெல்ல வற்றியது, இரண்டு சினைப்பைகளையும் எடுத்ததால் உனக்கு 42 வயதில் ஒரே நாளில் நின்றுபோனது. ஆண்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். மாதவிடாய் நின்றபின் நம்முடைய சலுகை குறைந்துவிடுகிறது. அதற்காக ஹார்மோன் மாத்திரையை நீயாக வாங்கிப் போடாதே. மூச்சுத் தடைக்கென்று அதைக் கொடுக்கும் வழக்கமில்லை. உன் தம்பியிடமும், உடம்பு ஏற்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் இந்தத் தடை கூடக்கூடும் என்று சொன்னேன், அவன் கேட்பவனா?

எந்த மருத்துவர் என்று கேட்பாய். மூன்று ஆண்டுகளுக்கு முன் கண் பரிசோதனை என்று சொல்லி ஓர் இரவு வெளியே தங்கினேனே, அது கண்ணுக்காக அல்ல. தலையிலும் மார்பிலும் கம்பிகளை ஒட்டி உறங்க வைத்தார்கள். மணிக்கு 34 தடவை மூச்சு தடைபட்டதாம். 30 என்றாலே கடுமை. ஒரு பெண் குறட்டை விடுகிறேன் என்று சொல்ல வெட்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் "களைப்பு, உறக்கமில்லை" என்று மட்டுமே சொல்லிவந்தேன். மூன்று மாத்திரைகள் போட்டும் அழுத்தம் அடங்காமல் மருத்துவர்கள் திணறியதற்கு என் வாய்தான் காரணம். இப்போது முகமூடியோடு கூடிய காற்றுக் கருவி இருக்கிறது. நீ தங்கிய நான்கு நாளும் அதைப் பீரோவில் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அது இல்லாமல் உறக்கம் பிடிக்காததால்தான் அன்று விழித்திருந்து உன் மூச்சை எண்ண முடிந்தது.

பரிசோதனைக்குப் போ. அறுவை சிகிச்சைச் சீட்டையும் எடுத்துச் செல்; அவர்கள் கேட்காவிட்டாலும் நீயே காட்டு. அடுத்த முறை நீ வரும்போது கருவி என் தலைமாட்டில் இருக்கும்.

அன்புடன்,
அம்மா