கேடயம் இருக்கிறது, வாடகை பாக்கி

ஆசிரியருக்கு வணக்கம்.

வறுமையோடு போராடும் சிறிய தொண்டு அமைப்புகளுக்கு இன்னும் நிறைய விருதுகள் வேண்டும் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல எண்ணம்தான். ஆனால், அப்படியொரு அமைப்புக்கு ஆறு வருடமாகச் சம்பளமில்லாமல் கணக்கு எழுதி வருகிறேன். எங்களை வாட்டுவது விருதுப் பற்றாக்குறை இல்லை. விருதோடு வரும் பணத்தை எதற்கெல்லாம் தொடக்கூடாது என்று கூடவே ஒரு பட்டியல் வருகிறதே, அதுதான்.

எங்களிடம் முழுநேர ஊழியர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். கடனில் சிக்கியவர்களுக்கும் உதவித்தொகை கிடைக்காமல் அலைபவர்களுக்கும் மனு எழுதித் தருவது, அலுவலகங்களுக்குக் கூடவே போய் வருவது, அவ்வளவுதான் வேலை. இரண்டு வருடம் முன்பு ஓர் அறக்கட்டளை எங்களுக்கு விருது கொடுத்தது. கண்ணாடிக் கேடயம், மேடையில் போட்டோ, அப்புறம் ஒரு நல்ல தொகை. ஒப்பந்தத்தைப் படித்தால், சம்பளம், வாடகை, மின்கட்டணம் எதற்கும் அதை எடுக்கக்கூடாது. 'புதிய முயற்சி'க்கு மட்டும்தான். சரி என்று மூன்று கம்ப்யூட்டர் வாங்கினோம். அந்த வருடக் கடைசியில் ஊழியர்களில் ஒருவரை நிறுத்த வேண்டி வந்தது. மூன்றில் இரண்டு கம்ப்யூட்டர் இப்போது துணி போர்த்திக் கிடக்கின்றன. கேடயம், காற்றில் அடித்துக்கொள்ளும் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது. (அந்த வேலையைக் குறை சொல்ல முடியாது.)

அந்த விண்ணப்பம் 22 பக்கம். அதில் 'உங்கள் பணியில் உள்ள புதுமை என்ன?' என்று ஒரு கட்டம். ஒன்றும் இல்லை என்று எழுதுவதுதான் நேர்மை. பலன் இருப்பதால் அதே வேலையை அதே மாதிரி வருடக்கணக்காகச் செய்கிறோம். அப்படி எழுதினால் யார் கொடுப்பார்கள்? வரப்போவதாக ஒரு செல்போன் செயலியைப் பற்றிக் கதை விட்டேன். 'நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம்?' என்ற கட்டத்துக்காகச் சம்பளத்தில் ஒரு பகுதியைப் 'பயிற்சி' என்ற தலைப்பில் தள்ளினேன்.

இது என் ஒருவரின் கைவரிசை இல்லை. ஸ்டான்ஃபோர்ட் சோஷியல் இன்னொவேஷன் ரிவ்யூ இதழில் 2009இல் வந்த ஒரு கட்டுரை இதற்குப் பட்டினிச் சுழல் என்றே பெயர் வைத்தது. நிர்வாகச் செலவு குறைவாக இருக்க வேண்டும் என்கிறார் கொடுப்பவர். வாங்குபவர் குறைத்துக் காட்டுகிறார். இவ்வளவிலேயே நடத்த முடிகிறதே என்று கொடுப்பவர் அடுத்த முறை இன்னும் குறைவாக எதிர்பார்க்கிறார்.

வேறு விதமாகவும் கொடுக்கலாம். அமெரிக்கக் கோடீஸ்வரக் கொடையாளர் மெக்கன்சி ஸ்காட் 2023இல் அந்நாட்டுச் சமூக அமைப்புகளை நன்கொடைக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். 6,353 விண்ணப்பங்கள் வந்தன. முதல் சுற்றில் மதிப்பெண் போட்டவர்கள் சக விண்ணப்பதாரர்களே. 2024 மார்ச்சில் 361 அமைப்புகளுக்கு மொத்தம் 64 கோடி டாலர் அறிவிக்கப்பட்டது. இன்னதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடே கிடையாது. ஆனால் அங்கேயும் வாசற்படி உயரம்தான்: ஆண்டு பட்ஜெட் குறைந்தது 10 லட்சம் டாலர் இருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடிந்தது. ஒரு வாடகை அறையும் இரண்டு ஊழியர்களுமாக நடக்கும் அமைப்பு அதில் எங்கே ஏறுவது?

கட்டுப்பாடு இல்லாமல் கொடுத்தால் பணம் வீணாகாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தாராளமாகக் கணக்குக் கேட்கட்டும், முன்னறிவிப்பில்லாமல் வந்து ஒரு நாள் முழுக்க எங்களோடு உட்கார்ந்து பார்க்கட்டும். நான் கதை எழுதியது கட்டுப்பாடு இருந்ததால்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

உங்கள் கட்டுரையாளர் விருது கொடுப்பவர்களைச் சந்தித்தால் இதைச் சொல்லட்டும்: தொகை பாதியாக இருந்தாலும் பரவாயில்லை, மூன்று வருடத்துக்கு ஓர் ஊழியரின் சம்பளமாகக் கொடுங்கள். விருதுக்கு 'சம்பள விருது' என்றே பெயர் வைத்தாலும் வந்து வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சம்பளமில்லாத ஒரு கணக்கெழுத்தர்