ஜி.ஐ. பில்: டாலரை அல்ல, மாதத்தை எண்ணுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கப் படைகளில் பணியாற்றிவிட்டு வெளியே வரும் தமிழர்கள் பலர் கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் படிப்பைத் தொடங்குகிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்து படையில் சேர்ந்தவர்கள் ஒரு பகுதி. மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ வந்து, ‘மாவ்னி’ என்ற மொழித்திறன் திட்டத்தில் ராணுவத்தில் சேர்ந்து குடியுரிமை பெற்றவர்கள் இன்னொரு பகுதி. 2016இல் புதியவர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்ட அந்தத் திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. “யுனிவர்சிட்டி கிடைக்கவில்லையா?” என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பது வழக்கம். அந்தக் கவலை வேண்டாம், கல்லூரித் தேர்வில் பெரும்பாலும் தவறில்லை. படைப்பணிக்காக அரசு தரும் ‘ஜி.ஐ. பில்’ என்ற கல்விச் சலுகையைச் செலவழிக்கும் விதத்தில்தான் பலர் இடறுகிறார்கள். அதற்காகவே இந்தக் கடிதம்.

2009 ஆகஸ்ட் 1 முதல் நடப்பில் உள்ள ‘போஸ்ட் 9/11 ஜி.ஐ. பில்’ ஒருவருக்குத் தருவது 36 மாதப் படிப்பு. அதைப் பணப்பை என்று நினைப்பதிலிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது. முழுநேரமாக ஒரு மாதம் படித்தால் ஒரு மாதம் கழியும். அந்த மாதத்துக்கான கட்டணம் 140 டாலரா 4,000 டாலரா என்பதை வி.ஏ. என்று எல்லோரும் சொல்லும் முன்னாள் படைவீரர் நலத்துறை பார்ப்பதில்லை. கலிபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ்களில் மாநிலவாசிக்கு ஒரு யூனிட், அதாவது ஒரு கிரெடிட், 46 டாலர். 12 யூனிட் எடுத்தால் ஒரு செமஸ்டருக்கு 552 டாலர். அந்த 552 டாலருக்காக ஏறக்குறைய நான்கு மாதச் சலுகையை எடுத்துக் கொடுக்கிறோம். பல்கலைக்கழகத்தின் கடைசி ஆண்டில் அதே நான்கு மாதம் பல ஆயிரம் டாலர் கட்டணத்தை அடைத்திருக்கும்.

அப்படியானால் கம்யூனிட்டி காலேஜில் ஜி.ஐ. பில்லைத் தொடவே கூடாதா? அதுவும் சரியல்ல. கட்டணத்தைவிடப் பெரிய தொகை, ஜி.ஐ. பில் மாதாமாதம் மாணவர் கையில் தரும் வீட்டுப்படிதான். சார்ந்திருப்போர் உள்ள ஈ-5 நிலைச் சிப்பாய்க்கு, கல்லூரி இருக்கும் அஞ்சல் எண் பகுதியில் ராணுவம் கொடுக்கும் வாடகைப் படியே இங்கும் அளவு. வாடகை அதிகமான நகரத்தில் கம்யூனிட்டி காலேஜ் மாணவருக்கும் பக்கத்துப் பல்கலைக்கழக மாணவருக்கும் ஏறத்தாழ ஒரே தொகை வரும். சொந்தமாக வாடகை கட்டி, மனைவி மக்களோடு இருப்பவர் முதல் செமஸ்டரிலிருந்தே ஜி.ஐ. பில்லை எடுப்பது நியாயம். அப்பா அம்மாவோடு ஒரே வீட்டில் இருக்கும் இருபத்து நான்கு வயதுப் பிள்ளை அவசரப்பட வேண்டியதில்லை. கையில் ஒரு தொகை மாதாமாதம் விழுகிறதே என்று அந்த மாதங்களைக் கரைத்துவிட்டுப் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் கடன் தேடுவது நம் வீடுகளில் நடக்கிறது.

அப்படிச் சேமிக்க நினைப்பவருக்கு வேறு வழி உண்டு. ‘ஃபாஃப்சா’ என்ற மத்திய உதவி விண்ணப்பத்தில் முன்னாள் படைவீரர், வயது எதுவானாலும், பெற்றோரைச் சாராத மாணவராகவே கருதப்படுவார். அப்பாவின் ஐ.டி. சம்பளம் கணக்கில் வராது. ஜி.ஐ. பில் பணத்தையும் வருமானமாகச் சேர்ப்பதில்லை. 2025-26 கல்வியாண்டில் ‘பெல் கிரான்ட்’ என்ற மத்திய உதவித்தொகை அதிகபட்சம் 7,395 டாலர், அதைத் திருப்பித் தர வேண்டாம். கலிபோர்னியாவில் வருமானம் குறைந்தவருக்கு அந்த 46 டாலர் கட்டணமே தள்ளுபடியாகும். ஒரு சிக்கல் என்னவென்றால், ஃபாஃப்சா இரண்டு ஆண்டுக்கு முந்தைய வருமானத்தைப் பார்க்கும். அப்போது படைச் சம்பளம் வாங்கியிருப்பார்கள், அதனால் உதவி குறைத்தே வரும். கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் டி.டி. 214 என்ற பணி விடுவிப்புச் சான்றின் நகலோடு போய், வேலை நின்றுவிட்டது, மறுமதிப்பீடு செய்யுங்கள் என்று கேட்க வேண்டும். கேட்டால் பரிசீலிப்பார்கள். கேட்காதவருக்குத் தானாக எதுவும் நடக்காது.

மாவ்னி வழியில் வந்தவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். இந்தியாவில் பி.இ. அல்லது பி.எஸ்சி. முடித்தவருக்கு பெல் கிரான்ட் கிடையாது. வெளிநாட்டு இளநிலைப் பட்டமும் பட்டமே என்பது விதி. அதை மறைத்து விண்ணப்பித்தால் பின்னால் பணத்தைத் திருப்பிக் கட்ட நேரும். ஆனால் ஜி.ஐ. பில்லுக்கு அந்தத் தடை இல்லை. பி.இ. படித்தவர் நர்சிங், ஏ.சி. மெக்கானிக், சைபர் பாதுகாப்பு என்று எந்த அங்கீகரிக்கப்பட்ட இரண்டாவது படிப்பிலும் சேரலாம். பழைய மதிப்பெண் பட்டியல்களை மட்டும் முறையாக மதிப்பீடு செய்து கல்லூரியில் கொடுத்தாக வேண்டும். முந்தைய படிப்புக்கு எவ்வளவு கிரெடிட் தரலாம் என்று பார்ப்பது கல்லூரியின் கடமை. அது முடியாமல் இழுத்துக்கொண்டே போனால் ஒன்றிரண்டு செமஸ்டருக்குப் பின், இவர் இங்கே படிக்கிறார் என்று வி.ஏ.வுக்கு அனுப்பும் சான்றளிப்பை நிறுத்திவிடுவார்கள். தரைப்படை, கடற்படை, மரீன், கடலோரக் காவல் படையினர், படையில் பெற்ற பயிற்சியைப் பட்டியலிடும் ‘ஜாயின்ட் சர்வீசஸ் டிரான்ஸ்கிரிப்ட்’ வாங்க வேண்டும். விமானப்படையினருக்கு அவர்களுடைய கம்யூனிட்டி காலேஜின் பட்டியல்.

இனி வீட்டுப்படியின் நுணுக்கங்கள். பணம் தவறுவது அதிகமும் இங்கேதான்.

சாதாரண செமஸ்டரில் 12 கிரெடிட் முழுநேரம். பாதிக்கு மேல் எடுத்தால்தான் படி உண்டு. 6 கிரெடிட் சரியாகப் பாதி, அதனால் ஒரு டாலரும் வராது. 7 கிரெடிட் எடுத்தால் 58 சதவீதம், அதை 60 ஆக்கி 60 சதவீதப் படி தருவார்கள். ஒரே ஒரு கிரெடிட் ஆய்வகப் பாடம் வாடகையைக் காப்பாற்றும். எல்லாப் பாடமும் ஆன்லைன் என்றால் ஊர் எதுவாக இருந்தாலும் தேசிய சராசரியில் பாதிதான், அதாவது மாதம் ஆயிரத்துச் சொச்சம் டாலர். ஒரு பாடமாவது நேரில் போய் உட்கார்ந்து படிப்பதாக இருந்தால் அந்த ஊரின் முழு விகிதம் கிடைக்கும். அந்தப் பாடம் பட்டத்துக்குத் தேவையானதாகவும் இருக்க வேண்டும். சும்மா ஒரு நீச்சல் வகுப்பைச் சேர்த்துக்கொண்டால் சான்றளிக்கும் அதிகாரி அதைக் கணக்கில் எடுக்க மாட்டார்.

குறுகிய காலப் பாடங்கள் தனிக் கணக்கு. 8 வாரத்தில் 6 கிரெடிட் என்பது முழுநேரத்துக்குச் சமம். இதில் உள்ள பொறி இது: ஒருவர் 16 வாரப் பாடங்களாக 6 கிரெடிட், முதல் 8 வாரத்தில் மட்டும் 3 கிரெடிட் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த 3 கிரெடிட் குறுகிய காலத்தில் ஏறக்குறைய 7ஆக மதிப்பிடப்படுவதால் முதல் பாதியில் அவர் முழுநேர மாணவர். அந்தப் பாடம் முடிந்த மறுநாள் கையில் மிஞ்சுவது 6 கிரெடிட், படி பூஜ்யம். அக்டோபர் பாதிக்குப் பின் பணம் நின்றுவிட்டதே என்று வி.ஏ.வைத் திட்டுகிறவர்களில் கணிசமானோர் இந்த வகை. பாடங்களைப் பதிவு செய்யும்போதே தொடங்கும் நாள், முடியும் நாள் இரண்டையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தால் இந்த ஓட்டை தெரிந்துவிடும்.

பணம் அந்தந்த மாதம் முடிந்த பிறகுதான் வரும் என்பதும் முதல்முறை சேருபவருக்கு அதிர்ச்சி. வகுப்பு ஆகஸ்ட் 25இல் தொடங்கினால் செப்டம்பர் தொடக்கத்தில் வருவது 7 நாள் பணம். முதல் முழு மாதப் பணம் அக்டோபர் தொடக்கத்தில். டிசம்பர் நடுவில் செமஸ்டர் முடிந்து ஜனவரி பிற்பகுதியில் அடுத்தது தொடங்கும்வரை இடைவெளிக்குப் படி கிடையாது. 2011 ஆகஸ்டோடு அது எடுக்கப்பட்டுவிட்டது. படையிலிருந்து வெளியே வரும்போதே இரண்டு மாத வாடகையை ஒதுக்கி வைத்திருப்பவர் தப்பிப்பார். புத்தகத்துக்கு ஒரு கிரெடிட்டுக்கு 41.67 டாலர், ஆண்டுக்கு 1,000 டாலர் வரை தனியாக உண்டு. இவை எதற்கும் வருமான வரி இல்லை.

சேரும் முறை கடினமல்ல. வி.ஏ. இணையதளத்தில் 22-1990 எண் விண்ணப்பம், பிறகு தகுதிச் சான்று, அதன் நகல் கல்லூரியின் சான்றளிக்கும் அதிகாரிக்கு. அவர் பதிவு செய்து அனுப்பினால்தான் வி.ஏ. பணத்தை விடுவிக்கும். இது ஒருமுறை செய்துவிட்டு மறக்கும் காரியமல்ல. ஒவ்வொரு செமஸ்டரும் மாணவரே போய்க் கேட்க வேண்டும், பாடம் சேர்த்தாலும் விட்டாலும் சொல்ல வேண்டும். பல கல்லூரிகள் முதலில் கட்டணம் பூஜ்யம் என்று போட்டு கிரெடிட்டை மட்டும் அனுப்பி, பாடம் விடும் கெடு முடிந்தபின் கட்டணத்தைச் சேர்க்கும். அதைப் பார்த்து யாரும் பதற வேண்டாம், படி சீக்கிரம் தொடங்குவதற்குத்தான் அந்த ஏற்பாடு. வி.ஏ. பணம் தாமதமானால் 90 நாள்வரை அபராதமோ வகுப்புத் தடையோ விதிக்கக் கூடாது என்று 2018ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. காசாளர் சன்னலில் யாராவது வேறு மாதிரிச் சொன்னால் இதை எடுத்துச் சொல்லலாம். மாதக் கடைசியில் இன்னும் படிக்கிறீர்களா என்று கேட்டு வரும் குறுஞ்செய்திக்குப் பதில் அனுப்ப மறக்கக் கூடாது. தொடர்ந்து இரண்டு மாதம் பதில் இல்லாவிட்டால் படி நிற்கும்.

பாடத்தைப் பாதியில் விடுவதுதான் மிகச் செலவான தவறு. ‘டபிள்யூ’ என்று பதிவாகும் பாடத்துக்கு, தக்க காரணம் காட்டாவிட்டால், செமஸ்டரின் முதல் நாளிலிருந்தே கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். உடல்நலக் குறைவு, குடும்பத்தில் மரணம், பணி மாற்றம் போன்றவை ஏற்கப்படும், ஆதாரம் வேண்டும். முதல்முறை 6 கிரெடிட் வரை காரணம் கேட்காமல் மன்னிப்பார்கள், அதுவும் ஒரே ஒருமுறை. கட்டணப் பாக்கி கல்லூரி மீது விழுந்து கல்லூரி மாணவரிடம் வசூலிக்கும். வீட்டுப்படிப் பாக்கி நேராக மாணவர் தலையில். தேர்ச்சி பெற்ற பாடத்தை நல்ல மதிப்பெண்ணுக்காக மறுபடி எடுத்தால் வி.ஏ. பணம் தராது. அடிப்படைக் கணிதம், ஆங்கிலம் போன்ற தயாரிப்புப் பாடங்களை ஆன்லைனில் எடுத்தாலும் தராது, நேர்வகுப்பாக இருக்க வேண்டும்.

எத்தனை சதவீதம் கிடைக்கும் என்பது பணிக்காலத்தைப் பொறுத்தது. 36 மாதம் முழுப்பணி என்றால் 100, குறையக் குறைய 90 நாளுக்கு 50 வரை இறங்கும். நேஷனல் கார்டு, ரிசர்வ் என்ற பகுதிநேரப் படைகளில் உள்ள பிள்ளைகள் வார இறுதிப் பயிற்சி நாள்களைக் கூட்டிக்கொண்டு வந்து ஏமாறுகிறார்கள். அவை சேராது. பணி விடுவிப்பு ‘ஹானரபிள்’ என்றே இருக்க வேண்டும். ‘ஜெனரல்’ என்றிருந்தால் மருத்துவச் சலுகை கிடைக்கலாம், ஜி.ஐ. பில் கிடைக்காது. விடுவிப்பு வகையை உயர்த்தக் கோரி முறையிட வழி இருக்கிறது.

உடல் ஊனமோ மன உளைச்சலோ பணியால் வந்தது என்று வி.ஏ. மதிப்பிட்டவர்கள் முதலில் 31ஆம் அத்தியாயம் எனப்படும் மறுவாழ்வுத் திட்டத்துக்கு 28-1900 படிவம் போடுவது நல்லது. வேலைக்குத் தடை இருக்கிறது என்று ஆலோசகர் ஏற்றால், 20 சதவீத மதிப்பீட்டிலேயே கட்டணம், புத்தகம், தேவையான கருவிகள் வரை அது பார்த்துக்கொள்ளும். 2021 ஏப்ரல் முதல் அதை முதலில் பயன்படுத்தினாலும் ஜி.ஐ. பில்லின் 36 மாதம் குறையாது. வரிசையை மாற்றி, ஜி.ஐ. பில்லைத் தீர்த்துவிட்டு இதற்கு வந்தால் பொதுவாக 12 மாதம்தான் மிஞ்சும். வரிசையை மாற்றுவதால் மட்டுமே ஏற்படும் இழப்பு இது. கல்லூரி அலுவலகங்களில் இதை யாரும் தாமாகச் சொல்வதில்லை என்பது எங்கள் குறை.

கல்லூரிக்குள் கிடைக்கும் மற்றவற்றையும் சொல்லிவிடுகிறோம். முக்கால்நேரமாவது படிப்பவர் வி.ஏ. வேலைத் திட்டத்தில் படைவீரர் மையத்திலேயே பகுதிநேரம் பார்க்கலாம், குறைந்தபட்சக் கூலி, வரியில்லை. தேர்வில் கூடுதல் நேரம், கதவருகே இருக்கை போன்றவற்றுக்கு மாற்றுத்திறன் அலுவலகத்தில் பதிய வேண்டும். படைவீரர் மையத்தில் சொன்னால் அங்கே தானாகப் போய்ச் சேராது. கலிபோர்னியாவில் பாடப் பதிவில் முன்னுரிமை உண்டு, நர்சிங் நுழைவுக்கு முந்தைய உயிரியல் பாடங்களில் இடம் பிடிக்க அது பெரிய உதவி. மனம் தாங்காத இரவில் 988 அழைத்து 1 அழுத்தினால் படைவீரருக்கான ஆலோசகர் பேசுவார்.

36 மாதம் முடியும் தறுவாயில் உள்ளவருக்கு ஒரு செய்தி. செமஸ்டரின் முதல் நாளில் சலுகையில் ஒரு நாள் மிச்சமிருந்தாலும் அந்தச் செமஸ்டர் முடியும்வரை வி.ஏ. நீட்டித்துக் கொடுக்கும். ஆகையால் கடைசி மாதங்களைக் கோடைக்காலத்தில் ஒரு சிறு பாடத்துக்குச் செலவழித்துவிடாமல், நீண்ட இலையுதிர் செமஸ்டருக்குள் கொண்டுபோய் முடிக்க வேண்டும்.

படைக்குள் இரண்டு தனித்தனிப் பணிக்காலம் முடித்து, பழைய மான்ட்கோமரி ஜி.ஐ. பில்லுக்கும் தகுதி உள்ளவர்களுக்கு உச்ச நீதிமன்றத்தின் 2024 ஏப்ரல் தீர்ப்பு 48 மாதம்வரை வழி திறந்திருக்கிறது. புதியதை வாங்கப் பழையதை விட்டுக்கொடுத்து முன்பு கையெழுத்திட்டவர்களும் மறுபடி விண்ணப்பித்துப் பார்க்கலாம்.

கடைசியாக, அவசரமான ஒன்று. 2013 ஜனவரி 1 முதல் படையிலிருந்து வெளிவந்தவர்களுக்கு ஜி.ஐ. பில்லைப் பயன்படுத்தக் காலவரம்பு இல்லை. அதற்கு முன் வெளிவந்தவர்களுக்குக் கடைசிப் பணி முடிந்த நாளிலிருந்து 15 ஆண்டுதான். 2012இல் வெளிவந்து, வேலை, குடும்பம் என்று படிப்பைத் தள்ளிப்போட்டவர்களுக்கு 2027இல் கதவு மூடும். டி.டி. 214இல் உள்ள தேதியை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர் கல்விச் சேவையில் பணியாற்றும் வாசகர்கள்,
சான் டியேகோ, கலிபோர்னியா