அந்தக் கொடியைப் பிடுங்கிவிடாதே

திருவலஞ்சுழி,
தை மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை, காலையில் தானே எழுந்து கோலம் போடுகிறாள். மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல்.

நேற்று ராத்திரி போனில், "ஹாப்ஸ் கொடி பட்டுப்போச்சுப்பா, பிடுங்கிட்டு வேற ஏதாவது வைக்கலாம்னு அவர் சொல்றார்" என்றாய். அதற்குள் லைன் அறுந்துவிட்டது. மறுபடி கூப்பிட்டால் உனக்கு ஆபீசுக்கு நேரமாகியிருக்கும். சரி, எழுதியே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும்.

அது பட்டுப்போகவில்லை, பாப்பா. மேலே காய்ந்த தண்டு மட்டும்தான் செத்திருக்கிறது. கீழே வேர்க்கிழங்கு உயிரோடு தூங்குகிறது. பீரில் சேர்க்கிற பூவைத் தரும் இந்த ஹாப்ஸ், வருஷா வருஷம் குளிரில் தரைமட்டத்துக்குக் காய்ந்து, பனி விலகியதும் மண்ணைப் பிளந்துகொண்டு வரும் செடி. நம் வெற்றிலை மாதிரி பன்னிரண்டு மாதமும் பச்சையாக நிற்கிற வழக்கம் அதற்குக் கிடையாது. சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் நாலு விரல் ஆழம் மண்ணை விலக்கிப் பார். கிழங்கு கெட்டியாக இருந்து, நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளையாக ஈரமாகத் தெரிந்தால் நல்ல உயிர் இருக்கிறது என்று அர்த்தம். பார்த்துவிட்டு மண்ணை மூடிவிடு.

இந்தக் கொடி உன் தோட்டத்துக்கு வந்ததே என்னால்தான் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். 2021இல் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. பீகாரில் ஒருவர் ஹாப்ஸ் கொழுந்து பயிர் செய்கிறார், கிலோ ஒரு லட்சம் ரூபாய் என்று. நான் நம்பிவிட்டேன். அரசலாற்றுக் கரையில் இருக்கிற நம் வெற்றிலைக் கொடிக்காலில் பாதியை அழித்து அதை வைக்கலாமா என்று உன்னைக் கேட்டேன். நீதான் தேடிப் பார்த்து, அப்படி ஒரு வயலே அங்கே இல்லை, நிருபர்கள் நேரில் போய்ப் பார்த்துவிட்டுப் பொய் என்று எழுதியிருக்கிறார்கள் என்றாய். அதோடு, அந்தக் கொடிக்குக் குளிர்காலம் வேண்டும், கோடையில் நீண்ட பகல் வேண்டும் என்றும் விளக்கினாய். கும்பகோணம் பூமத்திய ரேகைக்கு வடக்கே பதினொன்றாம் பாகையில் இருக்கிறது. நமக்கு ஆனி மாதத்திலேயே பகல் பதின்மூன்று மணி நேரம் எட்டாது. அமெரிக்காவில் உன் ஊர் நாற்பத்தைந்தாம் பாகை, அங்கே ஜூனில் பகல் பதினைந்தரை மணி நேரம். நம் நாட்டில் இமாசலத்து லாகவுல் பள்ளத்தாக்கு மாதிரி குளிர்ந்த இடத்தில்தான் அது வருகிறது. இங்கே வைத்திருந்தால் உருப்படியாக மகசூல் வந்திருக்காது. நல்லவேளை கேட்டேன்.

அப்புறம் நீங்கள் தோட்டத்தோடு வீடு வாங்கியதும், "அப்பாவுக்காக" என்று சொல்லி நாலு வேர்த்துண்டு வாங்கி வைத்தாய். காஸ்கேட் ரகம், பக்கத்து ஊரான கார்வாலிஸில் உருவாக்கி 1972இல் வெளியிட்டது என்று பெருமையாகச் சொன்னாய். கேட்க எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. வெற்றிலைக்கு நமக்குச் சிறுகமணி ஆராய்ச்சி நிலையம் எப்படியோ, உனக்கு அந்த ஊர் அப்படி. ஊர்ப் பெயரும் சேலம் என்று அமைந்துவிட்டது. உன் அம்மா இன்னும் தெருவில் கேட்பவர்களிடம் "நம்ம சேலம் இல்லை, அமெரிக்கா சேலம்" என்றுதான் சொல்கிறாள்.

நடுவில் ஒரு வாரம் நான் உன்னோடு சரியாகப் பேசவில்லை. காரணத்தை அப்போது சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். அந்தப் பூ பீருக்குப் போகிறது என்று தெரிந்ததும் எனக்கு உன் பெரியப்பா ஞாபகம் வந்துவிட்டது. குடி அவரை எப்படிக் கொண்டுபோனது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். கடைசி ஆறு மாதம் அவருக்குச் சோறு ஊட்டியது இந்தக் கைதான். அதனால் மனசு ஒப்பவில்லை. பிறகு யோசித்தேன். கொடி என்ன தப்பு செய்தது? நீயும் காய்ந்த பூவைத் தலையணையில் வைத்துத் தைக்கப்போவதாகவும், மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கப்போவதாகவும் சொன்னாய். உன் விருப்பம். என் வருத்தம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் எழுதினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் வருஷம் ஒரு கைப்பிடிப் பூதான் கிடைத்தது என்று உனக்கு வருத்தம். வேர்த்துண்டு வைத்த வருஷம் அவ்வளவுதான் வரும். அந்த வருஷம் கொடி சம்பாதிப்பதெல்லாம் மண்ணுக்குள் போகிறது. இரண்டாம் வருஷம் ஓரளவுக்கு வரும், மூன்றாம் வருஷம்தான் முழு மகசூல். நாம் வெற்றிலையில் ஆறு மாதத்தில் கிள்ள ஆரம்பித்துவிடுகிறோம். அந்தக் கணக்கை இதற்குப் போடாதே.

பிடுங்குவதைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உனக்கு அப்போது நாலு வயசு. ஐப்பசி. உன் சின்ன அத்தை கல்யாண வேலையில் நான் அலைந்துகொண்டிருந்தேன், கொடிக்கால் வடிகாலை வெட்டிவிட இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் பாத்திக்கும் வாய்க்காலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தண்ணீர் வடிந்தபோது அழுகல் வந்துவிட்டது. இலையில் வட்ட வட்டமாகக் கறுப்புப் புள்ளி, தரையோரத்துத் தண்டு கறுத்து, இழுத்தால் நனைந்த நூல் மாதிரி கையோடு வந்தது. அந்த வாடை இப்போதும் மூக்கில் இருக்கிறது. எனக்கு ஆத்திரம். கீழ்ப்பக்கத்துக் கொடியைப் பிடுங்கியவன் மேட்டுப்பக்கத்தில் வாடி நின்றதையும் சேர்த்துப் பிடுங்கிக் கரையில் போட்டுவிட்டேன்.

சாயந்தரம் உன் தாத்தா வந்தார். ஒன்றும் பேசவில்லை. செருப்பைக் கரையிலேயே கழற்றிவிட்டு உள்ளே போய், நான் போட்ட குவியலில் மேட்டுக் கொடி ஒன்றை எடுத்துக் கணுவைத் திருப்பிக் காட்டினார். கணுவுக்குக் கணு வெள்ளை வேர், அரிசி நீளத்துக்கு, புதுசாக விட்டிருந்தது. "இது உசுரோடதானடா இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். அந்தக் கொடியை எடுத்துப்போய்க் கிணற்றடியில் பதித்தார். நீ பார்த்து வளர்ந்த கிணற்றடி வெற்றிலை அதுதான்.

அதனால்தான் நேற்று நீ சொன்னதும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இனி செய்ய வேண்டியது. மார்ச்சில் முளை வரும். முதலில் வருகிற பருத்த முளைகள் வேகமாக ஓடும், பார்க்க ஆசையாக இருக்கும். உள்ளே கூடாக இருக்கும், அவ்வளவு நல்லதில்லை. அதைக் கிள்ளிவிடு. கிள்ளியதை வதக்கிச் சாப்பிடலாம் என்கிறார்கள், வாட்ஸ்அப்பில் லட்சம் ரூபாய் என்று சொன்னது அதைத்தான். ஏப்ரல் கடைசி, மே வாக்கில் வருகிற முளையில் ஒரு கயிற்றுக்கு இரண்டோ மூன்றோ நல்லதாகப் பார்த்து விடு. மற்றதை எடுத்துவிடு. எல்லாவற்றையும் விட்டால் எதுவும் உருப்படியாக வராது.

ஏற்றுகிற முறையில்தான் நீ போன வருஷம் தவறு செய்தாய். வீடியோவில் பார்த்தேன். ராத்திரி சுற்றிவிட்டாய், காலையில் அவிழ்ந்து கீழே கிடந்தது, மறுபடி சுற்றினாய், மறுபடி கிடந்தது. நீ இடமாகச் சுற்றினாய். அந்தக் கொடி வலமாகத்தான் சுற்றும், கபர்த்தீசுவரர் கோயிலைப் பிரதட்சணம் வருவோமே அப்படி. காவிரி வலமாகச் சுழித்த ஊர் என்பதால்தான் நம் ஊருக்கே வலஞ்சுழி என்று பெயர். அதை நினைத்துக்கொண்டால் மறக்காது. வலமாக ஒரு சுற்று சுற்றிவிட்டால் போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். கட்டத் தேவையில்லை. வெற்றிலைக்குக் கணு வேர், கொடி ஏற நட்ட அகத்தியைப் பிடிக்கும் வரை நாம் கட்ட வேண்டியிருக்கிறது. வாழைநாரை நனைத்து, கிழித்து, சுண்டுவிரல் உள்ளே போகிற அளவுக்குத் தளர்த்தி, சாணுக்குச் சாண் முடிச்சு, அதையும் பதினைந்து இருபது நாளுக்கு ஒருமுறை. உன் கொடிக்குத் தண்டிலேயே கொக்கி மாதிரி முரட்டு மயிர் இருக்கிறது, அதை வைத்தே ஏறிவிடும். ஆனால் அது கையைக் கீறிவிடும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வேலை செய்.

உங்கள் ஊரில் வசந்தத்தில் மழை விடாது என்றாய். அப்போதுதான் நோய் வரும். நம் வெற்றிலை அழுகலைக் கொண்டுவருகிற கிருமியும், ஹாப்ஸில் அடிச்சாம்பல் நோயைக் கொண்டுவருகிற கிருமியும் ஒரே வம்சம், இரண்டுமே ஈரத்தில் பரவும் ஜாதி. குட்டையாக, வெளிறி, இலை சுருண்டு, தொட்டால் முறிகிற முளை ஏதாவது கண்ணில் பட்டால் அப்போதே அடியோடு எடுத்துக் குப்பையில் போடு, உரக்குழியில் போடாதே. கொடி ஆள் உயரம் தாண்டியதும் தரையிலிருந்து மூன்றடி வரைக்கும் இலையைக் கிள்ளிவிடு. காற்று கீழே புகுந்து வெளியேற வேண்டும். நான் இங்கே மயில்துத்தமும் சுண்ணாம்பும் தனித்தனியாகக் கரைத்து, போர்டோ கலவை என்ற நோய்த் தடுப்பு மருந்து போட்டு, கத்தியை முக்கிச் செம்பு படிகிறதா என்று பார்த்துத் தெளிக்கிறேன். உன் நாலு கொடிக்கு அதெல்லாம் வேண்டாம். இலை கிள்ளினாலே பாதி நோய் வராது.

நாயை அந்தப் பக்கம் விடாதே. இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. அந்தப் பூவை நாய் தின்றால் உடம்புச் சூடு தாறுமாறாக ஏறி உயிருக்கே ஆபத்தாகும் என்று படித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் பீர் காய்ச்சிவிட்டுக் கொட்டுகிற சக்கையும் அப்படித்தான். அவரிடமும் சொல்லிவை.

அறுப்பு ஆகஸ்ட் கடைசியில் இருந்து. பூவை விரலால் அமுக்கிப் பார். ஈரமாக அமுங்கினால் இன்னும் நாள் இருக்கிறது. காகிதம் மாதிரி சலசலத்து, விட்டதும் நிமிர்ந்தால் பறிக்கலாம். ஒன்றைப் பிளந்து பார்த்தால் இதழடியில் மஞ்சள் பொடி இருக்க வேண்டும், கொன்றைப் பூ நிறம். நீ அந்த ஒரு கைப்பிடியில் ஒன்றைக் கசக்கி, "கிடாரங்காய்த் தோல் வாசம் வருதுப்பா" என்றாயே, அந்த வாசம் அந்தப் பொடியில்தான்.

இப்போது முக்கியமாகப் பந்தல். அதன் இரண்டு மரத்தூணும் போன செப்டம்பரிலேயே வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது படத்தில் தெரிந்தது. எட்டடிக் கொடிக்கே அப்படி. அங்கே பண்ணைகளில் பதினெட்டு அடி உயரத்தில் கம்பி கட்டுகிறார்கள், உனக்குப் பன்னிரண்டு அடி போதும். ஆனால் மூன்றாம் வருஷத்துக் கொடி மழையில் நனைந்து காற்றடிக்கும்போது பாய்மரம் மாதிரி இழுக்கும். 2018 கஜா புயலில் பேராவூரணி அத்தை வீட்டுத் தென்னந்தோப்பு வேரோடு சாய்ந்து கிடந்ததை நீ பார்த்தாய். நம் பக்கம் காற்று அவ்வளவு இல்லை, ஆனாலும் கொடிக்காலின் ஓரத்து அகத்தி சாய்ந்துவிட்டது. உள்வரிசை நின்றது, குறுக்குக் கம்பு வைத்து ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டியிருந்ததால். நீயும் தூணை மூன்றடி ஆழத்துக்கு இறக்கு, வெளிப்பக்கம் இழுகம்பி கட்டி முளையடித்து நிறுத்து. மாப்பிள்ளையிடம் சொல், தரை மழையில் ஊறிக் கிடக்கிற இப்போது வேண்டாம், மார்ச் தொடக்கத்தில் ஈரம் இறங்கியதும் தோண்டட்டும்.

கயிறு நைலான் வேண்டாம், வழுக்கும். அங்கே பெரிய பண்ணைக்காரர்களே தேங்காய் நார்க் கயிறுதான் கட்டுகிறார்கள், அதுவும் இலங்கையில் இருந்து வரவழைத்து, என்று நீ சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அறுக்கும்போது கொடியோடு கயிற்றையும் வெட்டிப் போடலாம், மக்கிவிடும். அத்தை தோப்பில் மிச்சம் நின்ற மரங்களும் புதுக் கன்றுகளும் இப்போது காய்க்கின்றன. கயிறும் அந்த ஊரிலேயே திரிக்கிறார்கள். கம்பியில் இருந்து தரை வரைக்கும் எத்தனை அடி, எத்தனை கயிறு என்று அளந்து இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல். முடிச்சுக்கு ஒவ்வொன்றிலும் இரண்டடி சேர்த்துச் சொல். மாசி மகத்துக்கு அத்தை இங்கே வருகிறாள், கையோடு கொண்டுவரச் சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா