தானியம் யாரிடம் எவ்வளவு இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஜூலையில் பன்ஜி என்ற பன்னாட்டுத் தானிய வணிக நிறுவனம், விட்டெரா என்ற மற்றொரு பெரிய நிறுவனத்தை வாங்கித் தன்னோடு இணைத்துக்கொண்டது. அரிசிச் சோறு உண்ணும் நமக்கு இது எங்கோ நடக்கிற செய்தியாகத் தோன்றலாம். ஆனால் நம் ஊர்ப் பரோட்டாவுக்கு மைதாவும் உப்புமாவுக்கு ரவையும் கோதுமையிலிருந்துதான் வருகின்றன. நாடு பயன்படுத்தும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில் வந்து இறங்குகிறது. மதுரைப் பக்கம் ஒரு மாவு ஆலையின் கொள்முதல் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில், இந்த இணைப்பை நான் கவலையோடு பார்க்கிறேன்.

ஏடிஎம், பன்ஜி, கார்கில், லூயி டிரேஃபஸ் ஆகிய நான்கையும் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஏபிசிடி' என்று வணிக உலகம் அழைக்கிறது. இவற்றில் மூத்தது 1818-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய பன்ஜி. இளையதான ஏடிஎம் கூட 1902-இல் பிறந்தது. சீன அரசின் காஃப்கோ அண்மைக் காலத்தில் இவற்றுக்கு இணையாக வளர்ந்திருக்கிறது. இவர்கள் தானியத்தை வாங்கி விற்பவர்கள் மட்டுமல்லர். வயலுக்கு அருகிலுள்ள சேமிப்புக் கலன், துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் மேடை, வாடகைக்கு அமர்த்திய கப்பல், சோயா பிழியும் ஆலை, விவசாயிக்குக் கொடுக்கும் முன்கடன் என்று வழி நெடுக இவர்களுடைய கை இருக்கிறது. உலகத் தானிய வணிகத்தில் எழுபது முதல் தொண்ணூறு விழுக்காடு வரை அந்த நான்கு நிறுவனங்களிடம் இருப்பதாக ஒரு மதிப்பீடு பல ஆண்டுகளாகச் சொல்லப்படுகிறது. அது சரியா தவறா என்று வெளியில் இருக்கும் எவராலும் சரிபார்க்க முடியவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. கார்கில் ஒரு குடும்பத்தின் சொத்து. 2022 மே மாதத்துடன் முடிந்த நிதியாண்டில் 16,500 கோடி டாலருக்கு வியாபாரம் செய்த அந்த நிறுவனம், காலாண்டுக் கணக்கு வெளியிடும் வழக்கத்தை 2020-இலேயே நிறுத்திவிட்டது.

கிடங்கின் அளவைவிட, கிடங்கில் என்ன இருக்கிறது என்று தனக்கு மட்டும் தெரிந்திருப்பதே இந்தத் தொழிலில் பெரிய பலம். இதை நான் 2006-இல் நேரில் உணர்ந்தேன். மூட்டையில் குத்தூசியைச் செருகி, உள்ளங்கையில் விழும் மணியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தால் ஈரப்பதம் ஓரளவு தெரிந்துவிடும். கல், தூசு, உளுத்த மணி எல்லாம் கண்ணுக்கே தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: இந்தச் சரக்குக்குப் பின்னால் இன்னும் எவ்வளவு சரக்கு, யார் கிடங்கில் இருக்கிறது என்பது. அந்த ஆண்டு பன்னாட்டு நிறுவனங்கள் உள்ளிட்ட தனியார் வட மாநில மண்டிகளில் ஆதரவு விலைக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். விவசாயிக்குக் கூடுதல் விலை கிடைத்தது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முந்தைய ஆண்டு 148 லட்சம் டன்னாக இருந்த அரசுக் கொள்முதல் 92 லட்சம் டன்னாகச் சரிந்தது; ஏறத்தாழ 55 லட்சம் டன் கோதுமையை வெளிநாட்டிலிருந்து வாங்கும் நிலைக்கு அரசு வந்தது. காலையில் "சரக்கே இல்லை" என்று தொலைபேசியில் சொன்ன தரகர், மாலையில் குவிண்டாலுக்கு இருபது ரூபாய் கூட்டினால் இரண்டு லோடு அனுப்புவதாகச் சொல்வார். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கும் மேலிருப்பவர்கள் சொன்னதுதான் தெரியும். ஆலை நிற்கக் கூடாதே என்று கேட்ட விலையைக் கொடுத்து வாங்கினோம். அந்த இருபது ரூபாய் மாவு மூட்டையின் விலையில் ஏறி, கடைசியில் டீக்கடை பன் வரை போய்ச் சேர்ந்தது.

இதே கதை மிகப் பெரிய அளவில் 1972-இல் அமெரிக்காவில் நடந்தது. சோவியத் நாட்டில் விளைச்சல் பொய்த்த அந்தக் கோடையில், அதன் அரசு அதிகாரிகள் ஆறு தானிய நிறுவனங்களுடன் தனித்தனியே பேசி, ஏறத்தாழ 44 கோடி புஷல், அதாவது சுமார் ஒரு கோடியே இருபது லட்சம் டன் கோதுமையை வாங்கினார்கள். அமெரிக்காவின் அந்த ஆண்டு விளைச்சலில் அது கால் பங்குக்கும் மேல். அவ்வளவு பெரிய கொள்முதல் நடப்பது வெளியே முழுமையாகத் தெரியாத நிலையில், அமெரிக்க அரசு ஏற்றுமதி மானியத்தையும் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தது. ஓக்லஹோமா, டெக்சாஸ் பகுதிகளில் முன்னதாக அறுவடை செய்த விவசாயிகள் பழைய விலைக்கே விற்றுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். செய்தி வெளியே வந்தபோது விலை ஏறத் தொடங்கியது; ஏற்றத்தின் பலன் அவர்களுக்குக் கிடைக்கவில்லை, பாரம் மட்டும் ரொட்டி வாங்கியவர்கள் தலையில் விழுந்தது.

அந்த அனுபவத்துக்குப் பிறகு 1973-இல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி ஒரே நாளில் ஒரே நாட்டுக்கு ஒரு லட்சம் டன் அல்லது அதற்கு மேல் தானியம் விற்கும் நிறுவனம், மறுநாளே வேளாண்மைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். சிறிய விற்பனைகளை வாரந்தோறும் தெரிவிக்க வேண்டும். இன்றும் நடைமுறையில் உள்ள நல்ல ஏற்பாடு அது. இருந்தாலும் அந்த அறிக்கைகளில் சரக்கு சேருமிடம் 'தெரியாத இடம்' என்று அடிக்கடி இடம்பெறுகிறது. மேலும், விற்றது எவ்வளவு என்று அதில் தெரியுமே தவிர, ஒவ்வொரு நிறுவனமும் உலகின் பல துறைமுகங்களில் வைத்திருப்பது எவ்வளவு என்று தெரியாது. 2011-இல் ஜி-20 நாடுகள் உருவாக்கிய வேளாண் சந்தைத் தகவல் அமைப்பும் அரசுகள் தரும் கணக்குகளை நம்பியே இயங்குகிறது. தனியார் கையிருப்பு அங்கும் தனிக் கணக்காக வருவதில்லை.

விட்டெராவின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். கனடாவின் சஸ்காட்செவான் மாகாணத்துக் கோதுமை விவசாயிகள், தனியார் தானிய நிறுவனங்கள் வைத்ததே விலை என்ற நிலையை மாற்ற 1920-களில் ஒரு கூட்டுறவை அமைத்தார்கள். ஊர் ஊராகச் சொந்தச் சேமிப்புக் கலன்களைக் கட்டி, எடையையும் தரத்தையும் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கூட்டுறவு காலப்போக்கில் பங்குச் சந்தைக்குப் போனது, 2007-இல் இன்னொரு நிறுவனத்துடன் சேர்ந்து விட்டெரா ஆனது, பின்பு கிளென்கோர் என்ற பன்னாட்டு வணிக நிறுவனத்தின் கைக்குப் போனது, இப்போது பன்ஜியிடம் வந்து சேர்ந்திருக்கிறது. எதற்கு எதிராக அந்த விவசாயிகள் ஒன்று கூடினார்களோ, அதன் வீட்டுக்குள்ளேயே அவர்கள் கட்டிய கலன்கள் போய்விட்டன. இணைப்புக்கு ஒப்புதல் அளித்தபோது, கனடா அரசு மேற்குப் பகுதியில் ஆறு சேமிப்பு நிலையங்களை விற்றுவிட வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. அது போதும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இந்த நிறுவனங்கள் செய்வது தேவையான வேலை என்பதையும் நான் அறிவேன். விளைகிற இடத்திலிருந்து பசிக்கிற இடத்துக்குத் தானியம் தானாக நடந்து வராது. 2022 மார்ச்சில் உக்ரைன் போரால் உலக உணவு விலைக் குறியீடு அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டபோதும், கப்பல்களை வேறு துறைமுகங்களுக்குத் திருப்பி விட்டவர்களில் அவர்களும் இருந்தார்கள். ஆனால் அதே ஆண்டில் அவர்களுடைய லாபமும் பெருகியது. பஞ்சத்தின் அச்சத்தில் உலகம் இருக்கும்போது, கையிருப்பு விவரம் ஒரு சிலருக்கு மட்டும் தெரிந்திருப்பது நியாயமாகாது.

நம் நாட்டில் 2024 ஏப்ரல் முதல் கோதுமை வணிகர்களும் ஆலைகளும் சில்லறை விற்பனையாளர்களும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தங்கள் இருப்பை அரசின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி இருக்கிறது. நான் வேலை பார்த்ததைப் போன்ற நடுத்தர ஆலைகூட அதற்குக் கட்டுப்பட்டது. விருதுநகர் வணிகரிடம் கேட்கிற கணக்கை, உலகக் கடல்களில் கோதுமைக் கப்பல் ஓட்டுகிறவர்களிடமும் கேட்க வேண்டும் என்று ஜி-20 கூட்டங்களில் இந்தியா வலியுறுத்த வேண்டும் என்பதே என் வேண்டுகோள். வணிக இரகசியம் போய்விடும் என்று அவர்கள் சொல்லக்கூடும். நிறுவனப் பெயர்களை வெளியிட வேண்டிய தேவையே இல்லை. எந்த நாட்டில் எந்தத் தானியம் தனியார் வசம் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு வாரம் தாமதமாக வெளியிட்டாலே போதுமானது. அமெரிக்காவிலிருந்து ஏற்றுமதி செய்யும் நிறுவனங்கள் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தங்கள் விற்பனையைத் தெரிவித்துக்கொண்டுதான் தொழில் செய்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மாவு ஆலை ஊழியர்,
விருதுநகர்.