பின்வரிசை எம்.பி.யிடம் வேலைக்குச் சேர்ந்திருக்கும் மகளுக்கு

மன்னார்குடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் நீ கேட்டது இரண்டு வரியில் பதில் சொல்கிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன். கட்சிக்கு அவையில் இருப்பதே மூன்று பேர், உன் எம்.பி.க்குக் கடைசி வரிசையில் இடம், நாலு நிமிடம் கிடைத்தாலே பெரிசு, இதை வைத்துக்கொண்டு நாட்டுப் பிரச்சினையில் அவர் என்ன செய்துவிட முடியும் என்று கேட்டாய். நிறையவே செய்யலாம் அம்மா. ஆனால் பேச்சை மட்டும் நம்பினால் ஒன்றும் நடக்காது. கடைமடைக்குத் தண்ணீர் பிந்தித்தான் வரும், கொஞ்சமாகத்தான் வரும். வருகிற அன்று வயல் தயாராக இருந்தால் அந்தக் கொஞ்சத்திலேயே நடவு முடியும். அப்படித் தயாராக வைப்பதுதான் உன் வேலை.

முதலில் கேள்வி நேரம். மக்களவையில் ஒரு நாளைக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்வி 20, குறியில்லாதது 230. மாநிலங்களவையில் 15, 160. குறியிட்டதற்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்வார், துணைக் கேள்வி கேட்கலாம். குறியில்லாததற்கு எழுத்தில் மட்டும் பதில் வரும். புதிதாக வருகிற எல்லோரும் நட்சத்திரக் கேள்விக்கே ஆசைப்படுகிறார்கள். குலுக்கலில் பெயர் விழுந்து, வரிசையில் மேலே நின்று, நேரத்துக்குள் முறை வந்தால்தான் அது பலன் தரும். பல நாள் ஏழெட்டுக் கேள்வியைத் தாண்டுவதற்குள் மணி ஆகிவிடுகிறது. புள்ளிவிவரமும் அட்டவணையும் வேண்டுமானால் குறியில்லாத கேள்வியே கை கொடுக்கும். மாவட்ட வாரியாக, ஆண்டு வாரியாக இணைப்போடு பதில் வரும். அதை வைத்து அடுத்த கேள்வி, அமைச்சகத்தின் செயல்பாட்டை ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழுவில் ஒரு குறுக்குக் கேள்வி, பட்ஜெட் விவாதத்தில் ஒரு பத்தி என்று மூன்று வேலை பார்க்கலாம்.

நோட்டீஸுக்குக் கெடு 15 முழு நாள். கொடுக்கும் நாளும் பதில் வரும் நாளும் அதில் சேராது. ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள்தான் முறை. ஆகவே கூட்டத்தொடர் அட்டவணை வந்ததும் நம் ஊர்க் காலண்டரையும் பக்கத்தில் வைத்துப் பார். டெல்டாவுக்கு இங்கேதான் பெரிய சிக்கல். குறுவை அறுப்பது செப்டம்பர், அக்டோபரில், மழை பிடித்துக்கொள்ளும் நேரம். அப்போது நாடாளுமன்றம் நடப்பதில்லை. குளிர்காலத் தொடர் தொடங்கும்போது குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசலில் முளைத்தே போயிருக்கும். எனவே குறுவை நெல்லின் ஈரப்பதத்தைப் பற்றிய கேள்வி ஜூலை, ஆகஸ்டில், மழைக்காலத் தொடரிலேயே போக வேண்டும். சம்பா வேறு மாதிரி. தை, மாசி அறுவடையும் பட்ஜெட் தொடரும் ஒன்றாக வரும். பிப்ரவரி முதல் வாரத்தில் பதில் வேண்டுமென்றால் பொங்கல் சமயத்திலேயே நோட்டீஸ் உள்ளே போயிருக்க வேண்டும். பொங்கலுக்கு நீ ஊருக்கு வந்துவிட்டு, திரும்பிப் போய் எழுதிக்கொள்ளலாம் என்று இருந்தால் கெடு தாண்டிவிடும்.

கேள்வியை எழுதுகிற விதத்தைப் பார்ப்போம். 150 சொல்லுக்கு மேல் போகக்கூடாது. வாதம், அனுமானம், கிண்டல், அபிப்பிராயம் கேட்பது எதுவும் ஆகாது. எல்லாவற்றையும்விட முக்கியம், மத்திய அரசு பொறுப்பேற்கும் விஷயமாக இருக்க வேண்டும். "டெல்டா விவசாயிகளின் நெல் தேங்கிக் கிடப்பது அரசுக்குத் தெரியுமா, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?" என்று எழுதினால், கொள்முதல் நிலையங்களை நடத்துவது மாநில அரசு என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அமைச்சரைக் குற்றம் சொல்ல முடியாது, கேள்வி அப்படி. நிலையத்தில் சாக்கு இல்லை, லாரி வரவில்லை என்பது சென்னையில் கேட்க வேண்டியது. ஆனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்ற விதி டெல்லியில் பிறந்தது. அதை 22 ஆக்குங்கள் என்று தமிழ்நாடு கேட்பதும், மத்தியக் குழு வந்து மாதிரி எடுப்பதும், தளர்வு ஆணை வருவதும் முழுக்க உணவுத் துறை அமைச்சகத்தின் கணக்கு. கேள்வி அங்கேதான் குத்த வேண்டும்.

இப்படி எழுதிப் பார்: (அ) கடந்த ஐந்து கொள்முதல் பருவங்களில் ஈரப்பதத் தளர்வு கேட்டு தமிழ்நாடு அரசிடமிருந்து வந்த ஒவ்வொரு கோரிக்கையின் தேதி, (ஆ) ஒவ்வொன்றுக்கும் குழு மாதிரி எடுத்த தேதி, ஆய்வு முடிவு கிடைத்த தேதி, ஆணை பிறப்பித்த தேதி, (இ) கேட்ட அளவு, அனுமதித்த அளவு, (ஈ) வடகிழக்குப் பருவமழை மாவட்டங்களுக்கு முன்கூட்டியே தளர்வு வழங்க ஏற்பாடு ஏதும் பரிசீலனையில் உள்ளதா, ஆம் எனில் விவரம்.

இதில் தேதிகள்தான் உயிர். கோரிக்கைக்கும் ஆணைக்கும் இடையில் எத்தனை நாள் போயிற்று என்பதை அமைச்சகமே தன் கையால் எழுதிக் கொடுத்துவிடும். அதற்குப் பிறகு யாரும் மறுக்க முடியாது. நாம் ஆயிரம் தடவை "தாமதம்" என்று கத்தினாலும் அந்த ஓர் அட்டவணைக்கு ஈடாகாது.

காவிரிக்கும் இதே முறைதான். நீதிமன்றத்தில் நிலுவையில் இருப்பதைத் தொட்டால் செயலகத்திலேயே நின்றுவிடும். "கர்நாடகம் தீர்ப்பை மீறுகிறதா" என்பது அபிப்பிராயம் கேட்பது. உச்ச நீதிமன்றத்தின் 2018 பிப்ரவரி 16 தீர்ப்பின்படி, எல்லையில் காவிரி வரத்தை அளக்கும் பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. வர வேண்டும். அதன் மாதவாரிப் பங்கு எவ்வளவு, பதிவான வரத்து எவ்வளவு, காவிரி நீர் மேலாண்மை ஆணையம் எத்தனை முறை கூடியது, குறைவு வந்த மாதங்களில் என்ன உத்தரவு போட்டது என்று கேள். எண்கள் பேசிக்கொள்ளும்.

நட்சத்திரக் கேள்விக்கு முறை வந்துவிட்டால், எழுத்துப் பதில் அன்று காலை அவை கூடுவதற்குச் சற்று முன்புதான் கைக்கு வரும். முதல் பக்கத்தைப் படிக்காதே, இணைப்பைப் படி. கேட்டவருக்கு இரண்டு துணைக் கேள்வி. முதலாவதை முன்பே எழுதி வை. இரண்டாவதை அமைச்சர் சொல்லும் பதிலிலிருந்து எடுக்க வேண்டும். பாதிப் பேர் முதல் துணைக் கேள்வியிலேயே தொகுதியின் பத்துக் குறைகளையும் அடுக்குகிறார்கள். அமைச்சர் அதில் எளிதானதற்கு மட்டும் பதில் சொல்லி உட்கார்ந்துவிடுகிறார். ஒரு துணைக் கேள்வி, ஒரு விஷயம், "ஆம்" அல்லது "இல்லை" என்று முடிகிற மாதிரி.

"தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்" என்று பதில் வந்தால் சோர்ந்துவிடாதே. அது ஒரு வாக்குறுதி. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், அதைக் கண்காணிக்க அரசு வாக்குறுதிகள் குழு என்றே ஒன்று இருக்கிறது. ஒரு நோட்டுப் போட்டு, கேள்வி எண், தேதி, வாக்குறுதி, கெடு என்று எழுதி வா. கெடு தாண்டியதும் குழுவுக்குக் கடிதம் போக வேண்டும். இதைச் செய்கிற எம்.பி. அலுவலகங்கள் மிகக் குறைவு, அதனாலேயே பலன் அதிகம். பதில் மழுப்பலாக இருந்தால் மக்களவை விதி 55-இன் கீழ் அரைமணி நேர விவாதம் கேட்கலாம். விவாதம் வேண்டிய நாளுக்கு மூன்று நாள் முன்பே நோட்டீஸ் போக வேண்டும்.

கேள்வி நேரம் முடிந்த பிறகு அவசர விஷயத்தை எழுப்பும் பூஜ்ய நேரமும் விதி 377-உம் உடனடிக் குரலுக்கு. பூஜ்ய நேரத்தில் குலுக்கலில் முதல் 20 பெயருக்குள் வர வேண்டும். அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 377-இல் 250 சொல்லுக்குள் எழுதிக் கொடுத்ததை அப்படியே படிக்க வேண்டும், வாரத்துக்கு ஒன்றுதான். பதில் பிறகு கடிதமாக வரும். நாகப்பட்டினம் மீனவர் கைது மாதிரி அன்றாடம் எழுகிற விஷயத்துக்குப் பூஜ்ய நேரம், நிலுவையில் கிடக்கும் ரயில் பாதைக்கு 377 என்று பிரித்துக்கொள்.

இனி பேச்சு. ஒரு மசோதாவுக்கு எத்தனை மணி நேரம் என்பதை அலுவல் ஆலோசனைக் குழு முடிவு செய்யும். அதைக் கட்சிகளின் பலத்துக்கேற்பப் பங்கு போடுவார்கள். உங்கள் பங்கு மூன்று நிமிடம் என்று வை. தமிழில் நிதானமாகப் பேசினால் ஏறக்குறைய 250 சொல். முறை வரும்போது முன்னால் பேசியவர்கள் பொதுவான நியாயங்களை எல்லாம் சொல்லி முடித்திருப்பார்கள். அதனால் மசோதாவின் ஒரே ஒரு பிரிவை எடுத்து, அதன் எண்ணைச் சொல்லி, டெல்டாவில் அது எப்படி விழும் என்று காட்டட்டும். சாரம் முதல் 40 விநாடியில் வந்துவிட வேண்டும், மணி அடித்த பிறகு சொல்வது காற்றோடு போகும். தலைவருக்கு நன்றி, மேற்கோள், கவிதை எல்லாம் வெட்டிவிடு. தமிழில் பேசுவதானால் உரையின் பிரதியை மொழிபெயர்ப்பாளரிடம் முன்பே சேர்த்துவிடு. "குறுவை", "தாளடி" என்று வருகிற இடத்தில் அவர் திணறக்கூடாது. பேச முறையே வராவிட்டால், அனுமதி பெற்று எழுத்துரையை அவையில் வைக்கலாம், குறிப்பில் ஏறும். ஒருவர் மீது குற்றச்சாட்டு சொல்வதானால் விதி 353-இன்படி சபாநாயகருக்கும் அமைச்சருக்கும் முன்னறிவிப்பு வேண்டும். இல்லாவிட்டால் அந்த வரி குறிப்பிலிருந்து நீக்கப்படலாம்.

பின்வரிசையிலிருந்து நாட்டையே அசைத்த பேச்சுகள் உண்டு. 1957 டிசம்பர் 16 அன்று ஃபெரோஸ் காந்தி பேசியதை முழுதாகப் படி. ஆளுங்கட்சி உறுப்பினர், பிரதமரின் மருமகன், இருந்தும் அரசைக் கேட்டார். ஆயுள் காப்பீட்டுக் கழகம் (எல்.ஐ.சி.) தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களின் பங்குகளை 1.24 கோடி ரூபாய் அளவுக்கு வாங்கியது எப்படி என்பதே பொருள். தேதி, விலை, யார் யாரைச் சந்தித்தார் என்று அடுக்கிக்கொண்டே போனார், வசை இல்லை. சாக்லா விசாரணைக் குழு வந்தது, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அதன் வேர், 1957 செப்டம்பரில் வேறொரு உறுப்பினர் கேட்ட சாதாரணக் கேள்வி என்பதை மறந்துவிடாதே. 1963-இல் சோசலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா, 27 கோடிப் பேர் நாளைக்கு மூன்று அணாவில் வாழ்கிறார்கள் என்று சொன்னதும் அப்படித்தான். நேரு பதினைந்து அணா என்றார். சராசரியைச் சொன்னவருக்கும் அடித்தட்டைச் சொன்னவருக்கும் நடந்த அந்த வாதம், வறுமையை எப்படிக் கணக்கிடுவது என்ற விவாதத்தையே மாற்றியது.

அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதாவையும் சும்மா என்று ஒதுக்காதே. வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணி நேரம் அதற்கு. இதுவரை 14 தான் சட்டமாகியிருக்கின்றன, கடைசியானது 1970-இல். ஆனால் 2015 ஏப்ரல் 24 அன்று நம் திருச்சி சிவா கொண்டுவந்த திருநங்கையர், திருநம்பியர் உரிமை மசோதாவை மாநிலங்களவை நிறைவேற்றியது. மக்களவையில் அது முடியவில்லை. 2019-இல் வந்த அரசின் சட்டம் சிவாவின் மசோதாவைவிட மெலிந்தது என்பது என் கருத்து. அது வேறு. அந்தப் பொருளை இனி ஒதுக்க முடியாது என்ற நிலையை ஏற்படுத்தியது அந்த வெள்ளிக்கிழமைதான்.

இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சி போடும் கொறடா உத்தரவு பயமுறுத்துகிறதே என்றாய். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் வாக்களிப்பைக் கட்டும். கேள்வியை, நிலைக்குழுவில் கேட்பதை அது தொடாது. குழுவில் 31 பேர், மூடிய கதவு, கேமரா இல்லை. அமைச்சகச் செயலாளர் எதிரில் உட்கார்ந்து பதில் சொல்வார். மானியக் கோரிக்கை, அதாவது அமைச்சகம் செலவுக்குக் கேட்கும் பணம், ஆய்வுக்கு வரும்போது உன் எம்.பி. வரவுப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பாமல் பார்த்துக்கொள். மசோதாவில் திருத்தம் கொடுப்பதானால் முந்தின நாளே நோட்டீஸ் போக வேண்டும், பிரிவு எடுக்கப்படும்போது அவர் இருக்கையில் இருக்க வேண்டும். டீ குடிக்கப் போனால் திருத்தமும் போயிற்று.

ஒரு கண்டிப்பான சொல். கேள்விகளைப் பதிவேற்றும் அவருடைய நாடாளுமன்ற இணையக் கணக்கின் கடவுச்சொல்லை யாரிடமும் கொடுக்காதே, நிறுவனமோ சங்கமோ எழுதித் தரும் கேள்வியை அப்படியே ஏற்றாதே. கேள்விக்குப் பணம் வாங்கிய விவகாரத்தில் 2005 டிசம்பரில் 11 பேர் பதவி இழந்தார்கள். கடவுச்சொல்லைப் பகிர்ந்த பிரச்சினையில் 2023-இலும் ஒருவர் வெளியேற்றப்பட்டார்.

அடுத்த தொடருக்கு நான் முதலில் வைக்கச் சொல்வது பயிர்க் காப்பீடு. சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், மீதியை இரண்டு அரசும் ஏற்கின்றன. 2020 முதல் மத்திய அரசு தன் மானியத்துக்குப் பாசனப் பகுதியில் 25 சதவீதப் பிரீமியம், மானாவாரியில் 30 சதவீதப் பிரீமியம் என்று உச்சவரம்பு வைத்துவிட்டது. அதற்கு மேல் போனால் மாநிலம் சுமக்க வேண்டும். நிறுவனம் இழப்பீட்டைத் தாமதித்தால் 12 சதவீத வட்டி தர வேண்டும் என்ற விதியும் உண்டு. எந்த நிறுவனம் எந்தப் பருவத்தில் எவ்வளவு வட்டி கட்டியது, தமிழ்நாட்டில் மாவட்ட வாரியாக என்று கேட்டு வரைவை அனுப்பு. கோட்டூர், முத்துப்பேட்டைப் பக்கத்து கிராமங்களின் பருவக் கணக்கோடு ஒத்துப் பார்த்து, திருத்தி இரண்டு நாளில் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா